இரைச்சல் எது என்று யார் முடிவு செய்வது?

மதிப்பிற்குரிய ஐயா,

நான் மின்னணுவியல் இறுதியாண்டு மாணவன். பேச்சிலிருந்து இரைச்சலை நீக்கும் நிரல் ஒன்றை எழுதியிருக்கிறேன். சோதனைத் தரவில் அதன் ‘பெஸ்க்’ மதிப்பெண் நன்றாக உயர்ந்தது. மறைந்த தாத்தாவின் குரல் உள்ள பழைய கேசட்டை அதில் செலுத்தி, மின்விசிறிச் சத்தத்தையும் பின்னால் ஒலித்த கோவில் நாகஸ்வரத்தையும் நீக்கிப் பாட்டிக்குப் போட்டுக்காட்டினேன். ‘இது அவர் பேச்சு மாதிரியே இல்லை, பாதி விளங்கவும் இல்லை’ என்று சொல்லிவிட்டார். அவருக்குத் தொழில்நுட்பம் புரியவில்லை. மேற்படிப்புக்குப் பேச்சு மேம்பாட்டை எடுப்பதா, கணினியையே இசை வாசிக்கவைக்கும் கணினி இசை நிகழ்த்தலை எடுப்பதா? இரண்டையும் இணைக்க முடியுமா? இனி இசைக் கலைஞர்களுக்குத் தேவை இருக்குமா?

கா., திருநெல்வேலி

அன்புள்ள கா.,

பாட்டிக்குத் தொழில்நுட்பம் புரியவில்லை என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். அந்த வரியைத் தாண்டி என்னால் உடனே போக முடியவில்லை. பெஸ்க் என்பது தொலைபேசி வழியாக வரும் குரலின் தரத்தை அளக்க 2001-இல் வகுக்கப்பட்ட அளவுகோல். இரைச்சல் கலவாத மூலப் பதிவு கையில் இருந்தால்தான் அதைக் கணக்கிட முடியும். தாத்தாவின் கேசட்டுக்கு அப்படியொரு மூலம் கிடையாது. அது பாட்டியின் நினைவில்தான் இருக்கிறது. ஆகவே அந்தப் பதிவுக்கு மதிப்பெண் போடத் தகுதியுள்ள ஒரே ஆளிடம் கேட்டு, அவர் போட்ட மதிப்பெண் பிடிக்காததால் அவரையே தேர்வில் தோற்கடித்திருக்கிறீர்கள். ஆராய்ச்சிக்குப் போக விரும்புகிறவர் இந்தப் பழக்கத்தை இன்றே விட வேண்டும்.

பாதி விளங்கவில்லை என்று அவர் சொன்னதும் வெறும் முணுமுணுப்பு அல்ல. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகத்தில் ஹூவும் லோய்சூவும், ஒற்றை மைக்ரோஃபோன் பதிவுகளுக்கான புகழ்பெற்ற இரைச்சல் நீக்க முறைகளை மனிதர்களைக் கொண்டே சோதித்து 2007-இல் வெளியிட்டார்கள். பெரும்பாலான சூழல்களில் எந்த முறையும் சொற்களை முன்னைவிட நன்றாக விளங்கவைக்கவில்லை. காதுக்கு இதமாக இருப்பதும் சொல் பிடிபடுவதும் தனித்தனி விஷயங்கள் என்பதை உங்கள் பாட்டி ஒரே வாக்கியத்தில் பிரித்துச் சொல்லியிருக்கிறார்.

இனி, நான் நெடுநாளாக மனத்தில் வைத்திருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டீவன் போல் என்பவர் 1979-இல் வெளியிட்ட கழித்தல் முறையை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஒலியைச் சில பத்து மில்லிவினாடித் துண்டுகளாக நறுக்கி, பேச்சில்லாத இடங்களில் ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் எவ்வளவு இரைச்சல் இருக்கிறது என்று சராசரி பார்த்து, அந்த அளவை எல்லாத் துண்டுகளிலிருந்தும் கழிப்பது அது. இரைச்சலோ சராசரிக்குக் கட்டுப்பட்டு நிற்பதில்லை. கழித்த பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக எஞ்சும் முகடுகள் கணத்துக்குக் கணம் இடம் மாறி, குரலைச் சுற்றிக் கீச்சுக்கீச்சென்று ஒலிக்கின்றன. அதே ஆண்டில் பெரூட்டி, ஷ்வார்ட்ஸ், மக்கூல் மூவரும் இதற்கு ஒரு மருந்து சொன்னார்கள்: கணக்கிட்டதைவிடக் கூடுதலாகக் கழியுங்கள், ஆனால் எந்த அதிர்வெண்ணையும் ஒரு தரைமட்டத்துக்குக் கீழே இறக்காதீர்கள். அப்படி விட்டுவைத்த இரைச்சல் அந்தக் கீச்சொலிகளை மூடி மறைக்கிறது. இரைச்சலை ஒழிக்க வந்தவர்கள் கொஞ்சம் இரைச்சலை வேண்டுமென்றே விட்டுவைத்தார்கள், ஏனென்றால் அவர்கள் கேட்டுப் பார்த்தார்கள். நீங்கள் துடைத்த நாகஸ்வரத்தையும் இதே கண்கொண்டு பாருங்கள். தாத்தா பேசியது எந்த ஊரில், எந்த வேளையில் என்பதைச் சொன்ன ஒலி அது. அதை இரைச்சல் என்று தீர்மானித்தது யார்? உங்கள் நிரல் தீர்மானிக்கவில்லை, நீங்கள்தான் தீர்மானித்தீர்கள்.

என் பெரியம்மா பாட்டு டீச்சர். 2020 ஊரடங்கின்போது கைபேசியில் காணொளி வழியாக வகுப்பெடுத்தார். பிள்ளைகள் சுருதி விலகி விலகிப் பாட, அவர் கடிந்துகொண்டே இருந்தார். ஒரு நாள் ஒரு சிறுமி, ‘டீச்சர், உங்கள் தம்புரா எங்களுக்குக் கேட்பதே இல்லை’ என்றாள். ஒரே சுரத்தை நீட்டிக் கார்வை பிடித்தால் பெரியம்மாவின் குரலே நடுவில் தேய்ந்து மறைந்திருக்கிறது. காணொளி அழைப்பில் தானாக நடக்கும் இரைச்சல் நீக்கத்தின் வேலை அது. அதுவரை திட்டியதற்கெல்லாம் அந்தக் குழந்தைகளிடம் அவர் வருந்திய விதம் இன்னும் என் மனத்தில் இருக்கிறது. பேச்சுக்கென்று செய்த முறைகளின் அடிப்படை எண்ணமே இங்கே குறுக்கே வருகிறது. ரைனர் மார்ட்டின் 2001-இல் செம்மைப்படுத்திய முறையை எடுத்துக்கொள்ளுங்கள். பேசுகிறவர் அசைகளுக்கு நடுவே ஓய்வார் என்பதால், ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் ஒன்றிரண்டு வினாடிகளுக்குள் ஒலி எவ்வளவு தாழ்கிறதோ அதை வைத்து இரைச்சலை மதிப்பிடுகிறது அது. தம்புரா ஓய்வதில்லை. அந்தக் கணக்கின்படி, இசையில் எல்லாவற்றையும் தாங்கி நிற்பதுதான் முதலில் தூக்கி எறிய வேண்டிய பொருள்.

கணினி இசை நிகழ்த்தலில் நான் மதிக்கும் வேலைகள் எல்லாம் கேட்பதிலிருந்தே தொடங்கியவை. 1984-இல் பாரிசில் நடந்த சர்வதேசக் கணினி இசை மாநாட்டில் ரோஜர் டேனன்பர்க்கும் பாரி வெர்கோவும் தனித்தனியாக, மனிதர் வாசிப்பதைக் கேட்டு உடன் வாசிக்கும் கணினியைக் காட்டினார்கள். டேனன்பர்க் தாமே டிரம்பெட் வாசிப்பவர். வாசிப்பவர் ஒரு சுரத்தைத் தவறவிட்டாலும், கூடுதலாக ஒன்றை வாசித்தாலும், எந்த இடத்தில் இருக்கிறார் என்று பொருத்திப் பார்த்துத் தொடரும்படி தம் நிரலை எழுதினார். ஸ்டாக்ஹோமில் யோஹான் சுண்ட்பெரி குழுவினர், எங்கே நீட்டுவது, எங்கே அழுத்துவது என்ற நிகழ்த்தல் விதிகளைக் கணினிக்கு எழுதியபோது, அந்த விதிகளைக் கேட்டுத் திருத்தியவர் லார்ஸ் ஃப்ரூடேன் என்ற வயலின் கலைஞர். உங்கள் மூன்றாவது கேள்விக்கு இதைவிட நீண்ட பதில் தேவையில்லை.

எந்தத் துறையில் வேலை கிடைக்கும் என்பதை உங்கள் பேராசிரியரிடம் கேளுங்கள். இரண்டையும் இணைக்க வழி கேட்டீர்கள் அல்லவா? தம்புராவையும் கார்வையையும் தொடாமல் மின்விசிறியை மட்டும் தணிக்கும் நிரலை எழுதுங்கள். நிலையாக நிற்கும் ஒலியில் சுருதியோடு இசைந்த மேற்சுரங்கள் (அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளில் ஒலிப்பவை) இருக்கின்றனவா என்று முதலில் பார்க்கட்டும். இருந்தால் இரைச்சல் கணக்கை அங்கே நிறுத்திவைக்கட்டும். கேசட்டின் மூலக் கோப்பில் கைவைக்காதீர்கள். தரைமட்டத்தை வெவ்வேறு உயரங்களில் வைத்துச் சில பிரதிகள் எடுத்து, எது எதென்று சொல்லாமல் பாட்டிக்குப் போட்டு, அவருக்குப் பிடிபடாத சொற்களை ஒன்றுவிடாமல் குறித்துக்கொள்ளுங்கள். நாகஸ்வரம் இருக்கட்டுமா வேண்டாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள்.