ஏசி இல்லாமல் ஓர் அருங்காட்சியகம் இயங்க முடியுமா?

பழைய கட்டடத்தைக் கலைக்கூடமாக்கினால் ஏசி இல்லாமல் சமாளிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஜப்பானின் இனுஜிமா தீவே சாட்சி. அங்கே 1909-இல் தொடங்கிய செம்பு உருக்காலை, செம்பு விலை சரிந்ததால் பத்தே ஆண்டுகளில் மூடப்பட்டது. மிஞ்சிய இடிபாடுகளை அகற்றாமல், கட்டடக் கலைஞர் ஹிரோஷி சம்புயிச்சி அவற்றையே கலை அருங்காட்சியகமாக மாற்றினார், 2008-இல் திறந்தார்கள்.

என்னை வியக்கவைப்பது அந்தப் பழைய புகைபோக்கிதான். சூடான காற்று மேலே எழும் அல்லவா? புகைபோக்கி வழியே அது வெளியேறும்போது உள்ளே ஓர் இழுவை உண்டாகிறது. கோடையில் அந்த இழுவை, மண்ணுக்கடியில் செல்லும் நடைவழியில் குளிர்ந்த காற்றைக் கூடத்துக்குள் கொண்டுவருகிறது. குளிர்காலத்தில் கண்ணாடிக் கூரையின் கீழ் வெயிலில் சூடேறும் காற்று கைகொடுக்கிறது. செம்புக் கசடில் வார்த்த கறுப்புச் செங்கற்கள் அந்த வெப்பத்தைப் பிடித்துவைக்கின்றன. கழிவுநீரைச் சுத்திகரிப்பதும் செடிகள்தான்.