ஞானஸ்நானம் பெறாத குழந்தை – கடிதமும் பதிலும்

அண்ணா, வணக்கம்.

சிவாஜிநகர் மாதா கோயில் திருவிழா பற்றி நீங்கள் எழுதியதிலிருந்து உங்கள் தளத்தைப் படித்து வருகிறேன். நீங்களும் கத்தோலிக்கர் என்பதால் இதைக் கேட்கிறேன்.

போன மாதம் என் தங்கைக்கு ஏழாம் மாதத்திலேயே பெண் குழந்தை பிறந்தது. இன்குபேட்டரில் வைத்திருந்தார்கள், இரண்டு நாளில் போய்விட்டது. "கொஞ்சம் தேறட்டும், அப்புறம் ஃபாதரைக் கூப்பிட்டு ஞானஸ்நானம் கொடுக்கலாம்" என்று சொன்னது நான்தான். அடக்கத்துக்குக் கேட்டபோது பங்கு அலுவலகத்தில் ஞானஸ்நான சர்டிபிகேட் கேட்டார்கள், இல்லை என்றதும் இழுத்தடித்தார்கள். கடைசியில் தங்கையின் கொழுந்தனார் போகிற பெந்தெகொஸ்தே சபையின் பாஸ்டர் வந்து ஜெபித்து அடக்கம் செய்தார். "பிள்ளை பரலோகத்தில் இருக்கிறது, சந்தேகமே வேண்டாம்" என்றார். கேஜிஎஃபிலிருந்து வந்த எங்கள் பெரியம்மாவோ, "ஞானஸ்நானம் இல்லாம போன பிள்ளை ஆண்டவர் முகத்தைப் பாக்காது, அதுங்களுக்கு வேற இடம்" என்று சொல்லிவிட்டார். தங்கை அதையே திரும்பத் திரும்பக் கேட்கிறாள். எது உண்மை? நாங்களே தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டுமா? கல்லறைத் திருநாளுக்குக் குழந்தை பெயரில் பூசை கொடுக்கலாமா? அவளுக்கு ஒரு பெயர் நினைத்து வைத்திருந்தாள்.

பெயர் போட வேண்டாம்.
லிங்கராஜபுரம், பெங்களூரு

அன்புள்ள சகோதரி,

பெரியம்மா சொன்ன அந்த "வேற இடம்" லிம்போ. நரகமும் இல்லை, மோட்சமும் இல்லை. வலி கிடையாது, இயல்பான ஒரு சந்தோஷம் உண்டு, கடவுளைக் காண்பது மட்டும் கிடையாது. கத்தோலிக்கத் திருச்சபை இதை விசுவாசக் கோட்பாடாக ஒருநாளும் அறிவித்ததில்லை. ஆனால் பல நூற்றாண்டுகள் மறைக்கல்வியில் சொல்லிக் கொடுத்தது, அதனால் பெரியம்மா இல்லாததைச் சொல்லிவிட்டார் என்று அவர்மேல் பாய முடியாது. அவர் சின்ன வயதில் மனப்பாடம் செய்த பாடம் அது. அந்தக் காலத்துத் திருச்சபைச் சட்டமும் ஞானஸ்நானம் பெறாதவர்களுக்குத் திருச்சபை அடக்கம் கிடையாது என்றே சொன்னது. இரண்டுமே பின்னால் மாறின. மாறியதை வீட்டுக்கு வீடு வந்து யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இந்த லிம்போ எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், செத்துப்போன குழந்தைகளைப் பற்றி யோசித்து வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாஜியுஸ் என்ற துறவியோடு ஆயர் புனித அகுஸ்தினாருக்குச் சண்டை. ஆதாமின் பாவம் நம்மேல் பிறப்பிலேயே ஒட்டியிருக்கிறதா, இல்லையா? இல்லை என்றால் பச்சைக் குழந்தைக்கு எதற்கு ஞானஸ்நானம் என்று அகுஸ்தினார் மடக்கினார். அந்தத் தர்க்கத்தை விடாமல் பிடித்துக்கொண்டு போனதில், ஞானஸ்நானம் இல்லாமல் சாகிற குழந்தைக்கும் தண்டனைதான், ஆனால் இருப்பதிலேயே லேசான தண்டனை என்ற இடத்துக்கு வந்து நின்றார். சண்டை பெரியவர்களுக்குள், சாட்சியாக இழுத்து வரப்பட்டது குழந்தைகள். பிறகு 12, 13ஆம் நூற்றாண்டுகளில் வந்த இறையியலாளர்களுக்கு இது பொறுக்கவில்லை. தண்டனையை எடுத்துவிட்டு லிம்போவைக் கொடுத்தார்கள். எதை இழந்தோம் என்று அந்தக் குழந்தைகளுக்குத் தெரியாது, அதனால் துக்கமும் இருக்காது என்றார் அவர்களில் ஒருவரான தோமா அக்குவினாஸ். அந்த இறையியலாளர்களைப் பொறுத்தவரை லிம்போ ஒரு இரக்கம். பெரியம்மாவிடம் வந்து சேர்வதற்குள் அது மிரட்டலாகிவிட்டது.

அகுஸ்தினாரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவரே குழந்தையாக இருந்தபோது ஞானஸ்நானம் பெறவில்லை. சிறுவனாக இருந்தபோது உடம்பு மோசமாகி, ஞானஸ்நானம் கொடுக்கத் தாய் மோனிக்கம்மாள் ஏற்பாடு செய்தார், பையன் தேறிக்கொண்டதும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார்கள். கடைசியில் 387இல், முப்பது வயது தாண்டித்தான் பெற்றார். "கொஞ்சம் தேறட்டும்" என்று நீங்கள் மட்டும் சொல்லவில்லை, புனித மோனிக்கா வீட்டிலும் நடந்ததுதான்.

சரி, இப்போது திருச்சபை என்ன சொல்கிறது? 1992இல் வந்த மறைக்கல்வி நூலின் 1261ஆம் பத்தியில், இப்படி இறந்த குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறோம், அவர்களுக்கு மீட்பின் வழி உண்டு என்று நம்பிக்கை கொள்ளலாம் என்று இருக்கிறது. லிம்போ என்ற பேச்சே அதில் இல்லை. 2007இல் வத்திக்கானின் சர்வதேச இறையியல் குழு இந்த ஒரு விஷயத்துக்காகவே நீண்ட அறிக்கை வெளியிட்டது, வெளியிட இசைவு தந்தவர் அப்போதைய பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ட். கர்தினாலாக இருந்த 1980களிலேயே லிம்போவைக் கைவிடலாம் என்று சொன்னவர் அவர். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகள் கடவுளை நேரில் காண்பார்கள் என்று நம்பப் பலமான காரணங்கள் உண்டு என்கிறது அந்த அறிக்கை. இது ஜெபத்தோடு கொள்ளும் நம்பிக்கை, நிச்சயமாகத் தெரிந்த விஷயம் அல்ல என்றும் சேர்த்தே சொல்கிறது. "உன் பிள்ளை மோட்சத்தில்தான், இதோ முத்திரை" என்று ஃபாதர் எழுதித் தர மாட்டார். ஆனால் "மோட்சத்தில் இல்லை" என்று சொல்லும் உரிமையும் யாருக்கும் இல்லை, பெரியம்மா உட்பட.

பாஸ்டரின் உறுதி எனக்குப் பிடித்திருக்கிறது, அந்த நாளில் வந்து நின்றவர் அவர் என்பதால் மரியாதையும் உண்டு. பெந்தெகொஸ்தே சபையினர் நன்மை தீமை அறியும் வயது என்று ஒன்றைச் சொல்வார்கள், அதற்கு முன் இறக்கும் பிள்ளைக்குக் கணக்கு இல்லை. உபாகமத்தில் நன்மை தீமை அறியாத பிள்ளைகள்தான் கானானுக்குள் போகிறார்கள் என்று வசனம் காட்டுவார்கள். அந்த வயது என்ன என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு பதில் வரும். எண்ணாகமத்தில் அதே சம்பவத்தில் இருபது வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள்தான் கானானுக்குள் போகாதவர்கள், கோடு அங்கே விழுகிறது. புராட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதி கால்வினின் வழி வந்தவர்களும் இதில் திணறியவர்கள்தான். 1646இல் அவர்களுடைய விசுவாச அறிக்கையான வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை "தெரிந்துகொள்ளப்பட்ட குழந்தைகள்", அதாவது கடவுள் தேர்ந்தெடுத்த குழந்தைகள், மீட்கப்படுவார்கள் என்றது. அப்படியானால் தெரிந்துகொள்ளப்படாத குழந்தைகள் இருக்கிறார்களா என்று ஜனங்கள் கேட்டுக் கேட்டு, 1903இல் அமெரிக்க பிரெஸ்பிட்டேரியன்கள் குழந்தையாக இறக்கும் எல்லோரும் சேர்த்திதான் என்று விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. உங்கள் தெருவில் மலையாள ஆர்த்தடாக்ஸ்காரர்கள் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். கிழக்கத்திய மரபில் ஆதாமிடமிருந்து வருவது சாவுதான், குற்றம் அல்ல, அதனால் இந்தக் கேள்வியே அங்கே இவ்வளவு கூர்மையாக எழவில்லை.

எனக்கு அதிகம் உதவுவது பைபிளில் வரும் தாவீது ராஜா. பத்சேபாளிடம் அவனுக்குப் பிறந்த ஆண் குழந்தை ஏழாம் நாளில் சாகிறது. பிறந்ததிலிருந்து ஏழு நாளா, நோய் கண்டதிலிருந்தா என்று இரண்டு விதமாகவும் வாசிக்கிறார்கள். பிறந்த ஏழாம் நாள் என்று வைத்துக்கொண்டால், விருத்தசேதனம் எட்டாம் நாள். உடன்படிக்கையின் அடையாளம் இல்லாமலே போன பிள்ளை. அதைப் பற்றித்தான் தாவீது, நான் அவனிடம் போவேன், அவன் என்னிடம் திரும்பி வரமாட்டான் என்கிறான். சாவைத்தான் சொல்கிறான், மோட்சத்தை அல்ல என்று வாதாடுகிறவர்கள் உண்டு, இருக்கட்டும். எட்டாம் நாளுக்கு முன்பே இறந்த இஸ்ரவேல் குழந்தைகள் கைவிடப்பட்டார்களா என்ன என்று கேட்டவர் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதர். 1542இல், கருச்சிதைவான தாய்மாருக்காக எழுதியது. ஞானஸ்நானம் கொடுக்க ஏங்கிய தாயின் பெருமூச்சையே கடவுள் ஜெபமாக எடுத்துக்கொள்வார் என்கிறார். எட்டு மாதக் கைக்குழந்தையைப் பறிகொடுத்த தகப்பன் அவர்.

தண்ணீர் ஊற்றுவது பற்றி. ஆபத்தில் யார் வேண்டுமானாலும் ஊற்றலாம், கிறிஸ்தவர் அல்லாத நர்ஸ்கூட, திருச்சபை செய்ய நினைப்பதையே தானும் செய்கிற எண்ணத்தோடு பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரைச் சொல்லி ஊற்றினால் அது முழு ஞானஸ்நானம். இன்குபேட்டர் முன்னால் நிற்கிறவர்களிடம் இதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்க வேண்டும். ஞாயிறு பிரசங்கத்தில் கட்டிட நிதிக்குக் கொடுக்கிற நேரத்தில் பத்து நிமிடம் இதற்குக் கொடுக்கலாம் என்பது என் கோபம். ஆனால் ஊற்றாமல் விட்டது உங்கள் பாவம் அல்ல. கடவுள் மீட்பை ஞானஸ்நானத்தோடு கட்டியிருக்கிறார், தம்மை அருளடையாளங்களால் கட்டிக்கொள்ளவில்லை என்று அதே மறைக்கல்வி நூல் சொல்கிறது.

அப்புறம், "ஃபாதரைக் கூப்பிடலாம்" என்ற வார்த்தைக்காகத்தானே நீங்கள் உங்களை நொந்துகொள்கிறீர்கள்? 1983இன் திருச்சபைச் சட்டம், 1183, இரண்டாம் பிரிவைப் பாருங்கள். பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க எண்ணியிருந்து, அதற்குமுன் குழந்தை இறந்துவிட்டால், ஆயரின் அனுமதியோடு திருச்சபை அடக்கமே தரலாம். அது கேட்பது சர்டிபிகேட்டை அல்ல, அந்த எண்ணத்தை. உங்கள் வார்த்தையே அந்த எண்ணத்துக்குச் சாட்சி. அலுவலகத்தில் இருந்தவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

பூசைக்கு எந்தத் தடையும் இல்லை. உயிரோடிருப்பவர், இறந்தவர் யாருக்காகவும் குரு பூசை ஒப்புக்கொடுக்கலாம், சட்டம் 901. ஆனால் கல்லறைத் திருநாள் வேண்டாம் என்பேன். ஓசூர் ரோடு கல்லறையில் அன்றைக்கு இருக்கும் கூட்டத்தில் தங்கையால் நிற்க முடியாது, பெயர்களையும் வேகவேகமாக வாசித்துவிட்டுப் போய்விடுவார்கள். டிசம்பர் 28 மாசில்லாக் குழந்தைகள் திருநாள். குழந்தை இயேசுவைக் கொல்ல நினைத்து ஏரோது ராஜா வெட்டிய பெத்லகேம் பிள்ளைகளில் ஒன்றுகூட ஞானஸ்நானம் பெற்றதில்லை, ஆயிரம் வருடத்துக்கு மேலாகத் திருச்சபை அவர்களைப் புனிதர்களாகக் கொண்டாடுகிறது. கிறிஸ்துவுக்காகச் சிந்திய ரத்தமே அவர்களுக்கு ஞானஸ்நானம் என்று அதற்கு விளக்கம் வைத்திருக்கிறார்கள். அன்றைய காலைப் பூசையைக் கேளுங்கள். அலுவலகத்தில் எழுதிக் கொடுக்காமல் பங்குத்தந்தையை நேரில் பாருங்கள், முடிந்தால் தங்கையையும் அழைத்துப்போங்கள், குழந்தையின் பெயரை அவளே சொல்லட்டும்.