கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் நிலம் வாங்க நினைக்கும் தம்பிக்கு

தம்பி, இங்கே சுவிஃப்ட் கரண்ட் டவுனில் வேலை கிடைத்திருக்கிறது, குளிர் தாங்குமா, வாடகை எப்படி, சுற்றிவரக் கிடக்கிற புல்தரையில் கொஞ்சம் மலிவாக வாங்கி உழுது தோட்டம் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குளிரையும் வாடகையையும் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நல்ல ஜாக்கெட்டும் கார் என்ஜினைச் சூடாக்கி வைக்கும் பிளாக் ஹீட்டரும் இருந்தால் சமாளிக்கலாம். நான் நிலத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

முதலில் சட்டம். வேலை அனுமதியில் வருகிறவர் இந்த மாகாணத்தில் 10 ஏக்கருக்கு மேல் விவசாய நிலம் வைத்திருக்க முடியாது. நிரந்தர வதிவிடம் கிடைத்த பிறகு பார்க்கலாம். அப்போதும், இதுவரை கலப்பை படாத புல்தரையை மட்டும் உழாதீர்கள்.

நான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து ஒரு பண்ணை வேலைக்கு இங்கே வந்தேன். முதலாளி கூலியை இழுத்தடித்தார். சொந்தக்காரர்கள் தொலைபேசியில் "அங்கே ஒன்றுமில்லை, திரும்பி வா" என்றார்கள். அந்த வசந்தத்தில் ஒரு நாள் காற்று எழும்பியது. அடுத்த வயல் பயிரில்லாமல் உழுது போட்டிருந்தது. அதன் மண் முழுதும் எழும்பித் தெருவைக் கடந்து போக, பகலிலேயே வண்டிகள் விளக்குப் போட்டு ஓடின. பக்கத்து வீட்டுக் கிழவி யன்னல் இடுக்குகளில் ஈரத்துணி அடைத்தார். தான் சிறுமியாக இருந்தபோது, 1930களில், தாயார் இப்படித்தான் செய்வாராம்.

அந்த முப்பதுகளின் கதை தெரியாமல் இங்கே யாரும் மண்வெட்டி எடுக்கக் கூடாது. 1857 முதல் 1860 வரை பாலிசர் என்பவர் சுற்றிப் பார்த்துவிட்டு, இந்தத் தெற்குப் பக்கம் வறண்டது, பயிருக்கு உதவாது என்று எழுதினார். ஆனாலும் 1872 இல் வந்த குடியேற்ற நிலச் சட்டம் 10 டொலர் கட்டணத்துக்கு 160 ஏக்கர் கொடுத்தது. புல்லை உடைத்துப் பயிர் வைத்தால்தான் உரிமை நிலைக்கும். ஈரம் சேரட்டும் என்று ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் நிலத்தை வெறுமையாக உழுது போட்டார்கள். வேர் போன மண், முப்பதுகளில் வறட்சி வந்ததும் பறந்தது. 1935 இல் மத்திய அரசு இதற்கென்றே ஒரு நிர்வாகம் அமைத்தது. இந்த மாகாணத்து இந்தியன் ஹெட் ஊரின் நாற்றுப்பண்ணையோ அதற்கு முன்பே, 1901 முதல், காற்றுத் தடுப்புக்கு மரக்கன்று கொடுத்து வந்தது. 2013 இல் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது பெரிய பண்ணைக்காரர், அகலமான விதைப்பு இயந்திரம் திரும்ப இடமில்லை என்று அந்தக் காரகானா என்ற புதர்மர வேலிகளைப் பிடுங்கி எரிக்கிறார்கள். பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

நல்லதும் நடந்திருக்கிறது. உழாமல், அறுத்த பயிரின் தாளுக்கிடையிலேயே விதைக்கும் முறை பரவியது. வெறுமையாகப் போட்ட வருடத்தில் பருப்பு வைக்கத் தொடங்கினார்கள். அது மண்ணுக்கு நைட்ரஜனும் சேர்க்கிறது. ஊரில் கடைகளில் வாங்கும் மைசூர்ப் பருப்பில் நிறைய இந்த மாகாணத்து மண்ணில் விளைந்ததுதான். அந்த விதைப்பு இயந்திரத்தை நான் பழகி ஓட்டியிருக்கிறேன். இன்றும் அதில் எனக்குப் பெருமை உண்டு.

சரி, உழாத புல்லுக்கு வருவோம். மாகாணத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. மிஞ்சியதில் பெரும்பகுதி, மாட்டுக்காரர்களுக்கு மேய்ச்சல் தேவைப்பட்டதால் தப்பியது. அதனால் மாட்டுக்காரரைக் குறை சொல்கிற நம்மவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஒருமுறை உழுதால் அந்தப் புல் நம் ஆயுளில் பழையபடி திரும்பாது. முப்பதுகளில் மண்ணைப் பிடிக்க ரஷ்யப் பக்கத்துக் கோதுமைப்புல்லை விதைத்தார்கள். மண் நின்றது, ஆனால் அது பரவி உள்ளூர்ப் புல்லை இன்னும் நெருக்கிக்கொண்டிருக்கிறது.

தெற்கே ஒன்றரை மணி நேரத்துக்குள் வால் மரீ வரும். அங்கே புல்வெளித் தேசியப் பூங்கா. கனடாவில் பிரேரி டாக் என்ற அணில் இனம் இயற்கையில் வாழ்வது அந்தச் சுற்றுவட்டாரத்தில் மட்டும்தான். அதன் வளைகளிலும் கோஃபர் என்ற தரை அணிலின் வளைகளிலும் ஒரு சின்ன ஆந்தை முட்டையிடும். அதுவும் அழியும் நிலையில் இருக்கிறது. சுவிஃப்ட் நரி முப்பதுகளோடு கனடாவில் இல்லாமலே போனது. 1983 முதல் கொண்டுவந்து விட்டுத்தான் திரும்ப வாழ்கிறது. காட்டெருமைகளும் 2005 கடைசியில் அல்பேட்டாவின் எல்க் ஐலண்ட் தேசியப் பூங்காவிலிருந்து வந்தவை. பிராங்ஹார்ன் மான் வேலியைத் தாண்டாது, அடியில் நுழையத்தான் பார்க்கும். நீங்கள் எப்போதாவது வேலி போட்டால் கீழ்க்கம்பியை முள்ளில்லாததாக, உயர்த்திக் கட்டுங்கள்.

நம்மவர்களில் சிலர் வந்த கோடையிலேயே கோஃபர் சுடத் துப்பாக்கி தேடுகிறார்கள். இன்னும் சிலர் ஓகஸ்ட் காய்ந்த புல்லில் அடுப்பு மூட்டுகிறார்கள். ரொறன்ரோவிலிருந்து வந்து ஒரு மணி நேரம் காரில் இருந்தபடியே பார்த்துவிட்டு "வெறும் வெளி" என்று சொல்லிப் போகிறவர்களும் உண்டு. அவர்களோடு சேராதீர்கள். யூன் மாதம் இறங்கி நடந்து பாருங்கள். சப்பாத்துப் போட்டு நடங்கள், அங்கே விஷமுள்ள கிலுகிலுப்பைப் பாம்பு இருக்கிறது.

தோட்டம் வேண்டுமென்றால் டவுனுக்குள் ஒரு துண்டு நிலம் வாடகைக்கு விசாரியுங்கள். தக்காளிக் கன்றை மே கடைசிக்கு முன் வெளியில் வைக்க வேண்டாம், உறைபனி கொன்றுவிடும். வெண்டிக்குப் பசுமைக்குடில் வேண்டும். வந்து இறங்கியதும் எழுதுங்கள், வால் மரீக்கு நானே கூட்டிப் போகிறேன்.