ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்கு வரும் தங்கைக்கு: ஜெபமும் பூசையும் விட்டுப்போகாமல் இருக்க

காரைக்குடிப் பக்கமிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "அக்கா, ஜெர்மனியில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. இங்கே வீட்டில் ராத்திரி ஜெபமாலை, புதன்கிழமை சகாய மாதா நவநாள், ஞாயிறு பூசை எதையும் விட்டதில்லை. அங்கே போனவர்கள் ஒரு வருஷத்தில் எல்லாம் நின்றுபோச்சு என்கிறார்கள். எப்படிக் காப்பாற்றிக்கொள்வது? பதிவு செய்யும்போது மதம் இல்லை என்று போட்டால் வரி மிச்சம் என்று ஏஜென்ட் சொல்கிறார், அது சரியா?"

ஏஜென்ட் சொன்னதை முதலில் முடித்துவிடுவோம். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். ஆன்மெல்டுங் என்பார்கள். அந்தப் படிவத்தில் மதம் கேட்கும் கட்டம் இருக்கும். 'ரோமிஷ்-கத்தோலிஷ்' என்று எழுதுங்கள். எழுதினால் திருச்சபை வரி பிடிப்பார்கள், உண்மைதான். ஆனால் அது சம்பளத்தில் 9 சதவீதம் என்று பயமுறுத்துகிறார்களே, அது தவறு. நீங்கள் கட்டும் வருமான வரியில்தான் 9 சதவீதம். பவேரியா, பாடன்-வுட்டம்பெர்க் இரண்டு மாநிலத்தில் 8. மாதம் 300 யூரோ வருமான வரி பிடித்தால் திருச்சபை வரி 27 யூரோ. பயிற்சிக் காலத்தில் சம்பளம் குறைவு, வருமான வரியே இல்லையென்றால் இதுவும் இல்லை. வருஷக் கடைசியில் வரிக்கணக்குக் கொடுக்கும்போது கட்டியதைச் செலவாகக் காட்டலாம்.

மதம் இல்லை என்று எழுதுவது பொய்ப் பதிவு. கோயிலில் கல்யாணம், குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று போகும்போது அது வெளியே வரும், பழைய வரியைச் சேர்த்துக் கேட்கவும் வாய்ப்புண்டு. கத்தோலிக்கர் என்று பதிந்துவிட்டுப் பிறகு அரசு அலுவலகத்தில் விலகல் எழுதிக்கொடுப்பது இன்னும் பெரிய விஷயம். 2012-இல் ஜெர்மன் ஆயர்கள் வெளியிட்ட ஆணைப்படி, அப்படி விலகியவர் பாவசங்கீர்த்தனம், நற்கருணை பெற முடியாது, ஞானப்பெற்றோராக நிற்கவும் முடியாது. மாதம் இருபது முப்பது யூரோவுக்காக அந்த வழிக்குப் போகவே வேண்டாம்.

இனி ஜெபம். ஊரில் உங்கள் ஜெபத்தை நீங்கள் மட்டும் நடத்தவில்லை. கோயில் மணி அடித்தது, அம்மா ஜெபமாலையைக் கையில் எடுத்தார், அன்பியத்தில் (பக்கத்து வீடுகள் சேரும் ஜெபக் குழு) உங்கள் வீட்டு முறை வந்தது, நீங்கள் வராவிட்டால் பக்கத்து வீட்டில் ஏன் என்று கேட்டார்கள். இங்கே கேட்க ஆளில்லை. அதோடு ஷிப்ட். காலை ஷிப்ட் 6 மணிக்குத் தொடங்கும், மதிய ஷிப்ட் ராத்திரி 9 தாண்டி முடியும், பிறகு நாலைந்து நாள் தொடர்ந்து நைட். 'ராத்திரி 8 மணி ஜெபமாலை' என்ற பழைய கணக்கைப் பிடித்துக்கொண்டு வந்தால் முதல் மாதமே உடையும். உடைந்ததும் குற்றவுணர்வு வரும், குற்றவுணர்வு வந்தால் மொத்தமாக விட்டுவிடத் தோன்றும். பெரும்பாலும் விட்டுப்போவது இந்த வழியில்தான்.

அதனால் ஜெபத்தைக் கடிகாரத்தோடு கட்டாதீர்கள், எந்த ஷிப்டிலும் மாறாமல் நடக்கும் வேலையோடு கட்டுங்கள். வேலைக்குப் போகும் டிராம், வேலை முடிந்து திரும்பும் டிராம், குளித்துவிட்டுப் படுக்கும் நேரம் இந்த மூன்றும் எந்த ஷிப்டிலும் உண்டு. ஒரு பத்து மணி சொல்ல மூன்று நான்கு நிமிடம் போதும், ஐம்பத்து மூன்று மணிக்கும் இருபது நிமிடம். போகும்போது இரண்டு பத்து, வரும்போது இரண்டு, படுக்கும் முன் ஒன்று என்று பிரித்தால் ஒரு நாளில் முழு ஜெபமாலை முடிந்துவிடும். நின்றுகொண்டே போக நேர்ந்தால் பெரிய மாலை தடுக்கும். பத்து மணி உள்ள மோதிரமோ கைமாலையோ கொண்டு வாருங்கள், கையுறைக்குள்ளேயே உருட்டலாம். நைட் முடிந்த காலையில் மட்டும் ஒரு விதி: வீட்டுக்கு வந்து உட்கார்ந்து ஜெபிக்கலாம் என்று தள்ளாதீர்கள். உட்கார்ந்தால் தூங்கிவிடுவீர்கள். டிராமிலேயே முடித்துவிடுங்கள்.

கத்தோலிக்கர் அதிகமுள்ள ஊர்களில் மூவேளை ஜெப மணி இன்றும் அடிக்கிறது. நண்பகல் 12-க்கு நிச்சயம் கேட்கும், பல இடங்களில் காலையும் மாலையும்கூட. வார்டில் சாப்பாடு கொடுக்கும் நேரமாக இருந்தாலும் வாய்க்குள் ஒரு அருள்நிறைந்த மரியே சொல்ல யாரும் தடுக்கப் போவதில்லை.

வீட்டோடு சேர்ந்து ஜெபிப்பதற்கு நேர வித்தியாசம் தெரிய வேண்டும். கோடையில் ஊர் மூன்றரை மணி நேரம் முன்னால், குளிர்காலத்தில் நாலரை. ஊரில் ராத்திரி 8 என்றால் இங்கே கோடையில் பிற்பகல் 4.30, குளிர்காலத்தில் 3.30. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் இங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லையென்றால் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மார்ச் மாற்றத்தில் ஒரு மணி நேரம் தொலையும். சுவர்க் கடிகாரத்தை நம்பிக் கிளம்பினால் அன்றைக்குப் பூசை முடிந்திருக்கும்.

வாட்ஸப்பில் ஜெபமாலை சொன்னால் ஒரு சிக்கல் வரும். குரல் அரை நொடி, ஒரு நொடி தாமதமாகப் போவதால் 'அர்ச்சிஷ்ட மரியாயே' என்று எல்லோரும் சேர்ந்து சொல்லும் இடத்தில் குரல்கள் முட்டிக்கொள்ளும், இரண்டாவது பத்திலேயே எல்லோருக்கும் சலித்துவிடும். ஒரு பத்து முழுவதையும் ஒரு வீடு சொல்லட்டும், மற்ற வீடு மியூட்டில் வைத்துத் தனக்குள் பதில் சொல்லட்டும். அடுத்த பத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். வீடியோவை அணைத்துவிட்டால் குரலும் தெளியும், கவனமும் சிதறாது. தினமும் என்று வாக்குக் கொடுக்க வேண்டாம், வாரம் இரண்டு நாள் நிலையாக நடந்தாலே பெரிது. புதன் நவநாள் புத்தகத்தைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள், போனில் மட்டும் வைத்திருந்தால் நடுவில் மெசேஜ் வந்துவிடும்.

அறையில் மாதா படம் வைக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சாம்பிராணி மட்டும் வேண்டாம். படுக்கும் அறைகளில் புகை அலாரம் உண்டு. விடுதியில் அது தீயணைப்பு நிலையத்தோடு இணைந்திருந்தால் வண்டியே வந்து நிற்கும், அதற்கான செலவை உங்களிடம் கேட்கலாம். பேட்டரி விளக்கு போதும். ராத்திரி 10-க்கு மேல் அமைதி நேரம், பாட்டை மெல்லப் பாடுங்கள்.

ஞாயிறு பூசை விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். வேளாங்கண்ணி நேரலையைப் போனில் வைத்துக்கொண்டு சமைப்பது பூசை ஆகாது. நோயாளிக்கு அது ஆறுதல், வாரநாளில் உங்களுக்கும் நல்லதுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு அதைப் பழக்கினால் ஆறே மாதத்தில் கோயில் வாசல் அந்நியமாகிவிடும். சனிக்கிழமை மாலைப் பூசையும் ஞாயிறு கடனை நிறைவேற்றும், திருச்சபைச் சட்டமே அப்படித்தான். ஞாயிறு காலை ஷிப்ட் என்றால் சனி மாலை, மதிய ஷிப்ட் என்றால் ஞாயிறு காலை. பெரிய நகரங்களில் ஞாயிறு மாலையும் ஒரு கோயிலில் இருக்கும். இப்போது பல பங்குகளை ஒன்றாக இணைத்துவிட்டதால் ஒவ்வொரு கோயிலிலும் வாரம் தவறாமல் பூசை இராது. போன வாரம் 10 மணிக்கு நடந்ததே என்று போகாதீர்கள். பங்கின் வார மடலைப் பார்த்துவிட்டுப் போங்கள். பல ஆஸ்பத்திரிகளுக்குள்ளேயே சிற்றாலயம் உண்டு, ஆன்ம குருவும் இருப்பார், முதல் வாரமே விசாரியுங்கள். இவ்வளவு செய்தும் டூட்டி விடவில்லையா, நோயாளியைக் கவனிப்பதால் போக முடியாதது பாவம் இல்லை. அன்றைய வாசகங்களைத் திருவிவிலியத்தில் படித்துவிட்டு நிம்மதியாக வேலை பாருங்கள்.

பாஷை தெரியாமல் பூசை காண்பது எப்படி என்ற கவலை வேண்டாம். ஞாயிறு வாசகங்கள் உலகம் முழுக்கப் பெரும்பாலும் ஒன்றே, முந்தின ராத்திரி தமிழில் படித்துவிட்டால் பாதி புரிந்துவிடும். சில இடங்களில் இரண்டு வாசகங்களில் ஒன்றை விட்டுவிடுவார்கள். ஆண்டவரின் விண்ணேற்றம் இங்கே வியாழக்கிழமையே வரும், அரசு விடுமுறை. ஊரில் அடுத்த ஞாயிற்றுக்கு மாற்றியிருப்பார்கள், அந்த ஞாயிறு வாசகம் ஒத்துப்போகாது. பாட்டுக்கும் ஜெபத்துக்கும் 'கோட்டெஸ்லோப்' என்ற தடிப் புத்தகம், பலகையில் எண் காட்டுவார்கள். 3-ஆம் எண்ணில் அடிப்படை ஜெபங்கள், 4-இல் ஜெபமாலை. 700-இலிருந்து அந்தந்த மறைமாவட்டத்தின் தனிப் பகுதி. அதனால் வேறு மறைமாவட்டத்துத் தோழியிடம் பழைய புத்தகம் வாங்கினால் 700-க்கு மேல் எண் பொருந்தாது. முதலில் பரலோக மந்திரம், 'ஆண்டவர் உங்களோடு இருப்பாராக' என்பதற்கு 'உண்ட் மிட் டைனெம் கைஸ்டெ' என்ற பதில், நற்கருணைக்கு முன் சொல்லும் 'ஆண்டவரே, நான் தகுதியற்றவன்' ஜெபம், இந்த மூன்றை மனப்பாடம் செய்யுங்கள். மற்றது தானாக வரும்.

கோயிலில் பெரும்பாலும் வயதானவர்கள்தான் இருப்பார்கள். பூசை முடிந்ததும் உங்களிடம் பேசாமல் போய்விடுவார்கள், அதை வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வலியப் போய்ப் பேசுவது இவர்கள் பழக்கமில்லை. வாரநாளில் பங்கு அலுவலகம் திறக்கும் நேரம் பார்த்துப் போய், பெயர் சொல்லி, பாடகர் குழுவில் இடம் உண்டா என்று நீங்களே கேளுங்கள். நர்ஸ் என்று தெரிந்தால் பாட்டிமார் உங்களை விடவே மாட்டார்கள். ஜெர்மன் கற்கவும் அதைவிட நல்ல வகுப்பு கிடையாது.

பாவசங்கீர்த்தனத்துக்கு வழக்கமாகச் சனிக்கிழமை மாலைப் பூசைக்கு முன் நேரம் குறித்திருப்பார்கள். இங்கே தமிழ்நாட்டு, கேரளக் குருக்கள் நிறையப் பேர் பணி செய்கிறார்கள். போனில் நேரம் கேட்டுக்கொண்டு போகலாம். தமிழ்ப் பூசை ஈழத் தமிழ்ச் சமூகத்தால் பல நகரங்களில் மாதத்துக்கு ஒருமுறை நடக்கிறது. தாராளமாகப் போங்கள், அன்பாகச் சேர்த்துக்கொள்வார்கள். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை நெதர்லாந்து எல்லைக்குப் பக்கத்தில் கேவலார் மாதா கோயிலில் ஐரோப்பாவிலுள்ள தமிழர்கள் கூடுவார்கள், இந்துக்களும் வருவார்கள். அந்தச் சனிக்கிழமைக்கு லீவு சீக்கிரமே எழுதிக் கொடுங்கள். ஆனால் தமிழ்ப் பூசையை மட்டும் நம்பி உள்ளூர்ப் பங்கை விடாதீர்கள். வாரா வாரம் உங்களைத் தாங்கப் போவது பக்கத்துத் தெருக் கோயில்தான்.

இதைப் படிக்கும் சி.எஸ்.ஐ. பிள்ளைகளுக்கு: நீங்கள் 'ஏவாங்கெலிஷ்' (புராட்டஸ்டன்ட்) என்று பதிய வேண்டும், வரிக் கணக்கு அதேதான். சுயாதீன சபைகள் பொதுவாக இந்த வரி வாங்குவதில்லை, காணிக்கையில் நடக்கின்றன.

பெரிய நாள்களை டூட்டி அட்டவணை போடும் முன்பே கேட்டுவிடுங்கள். பெரிய வெள்ளியும் பாஸ்கா திங்களும் விடுமுறை, பெரிய வியாழன் இல்லை. பாஸ்கா திருவிழிப்பு சில கோயில்களில் ராத்திரியிலும், சிலவற்றில் விடியற்காலையிலும் நடக்கும். டிசம்பர் 24 மாலை ஜெர்மன்காரர்களுக்குக் குடும்ப நேரம், அதை யாரும் விட்டுத்தர மாட்டார்கள். அன்று ராத்திரிப் பூசைக்குப் போக வேண்டுமென்றால் 31-ஆம் தேதி நைட்டை நீங்கள் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி மாற்றுங்கள். கல்லறை மந்திரிப்பு ஊரில் நவம்பர் 2, இங்கே பெரும்பாலும் 1-ஆம் தேதி மதியமே முடிந்துவிடும். பிப்ரவரி 4 ஓரியூர் அருளானந்தர் திருநாளுக்கு இங்கே கூட்டம் எதிர்பார்க்க வேண்டாம். அன்றைக்கு ஒரு வாரநாள் பூசைக்குப் போய்விட்டு வாருங்கள்.

கிளம்பும் முன் பங்குத்தந்தையிடம் ஞானஸ்நானச் சான்றிதழ் வாங்குங்கள், உறுதிபூசுதல் தேதியும் அதில் இருக்கட்டும். நம் பக்கத்தில் ஞானஸ்நானப் பெயர் ஆரோக்கிய மேரி, பள்ளிச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் வேறு பெயர் என்று இருப்பது சகஜம். இங்கே அது பெரிய தலைவலி. இருவரும் ஒருவரே என்று, அப்பா பெயர், பிறந்த தேதியோடு ஒரு கடிதம் முத்திரை வைத்து வாங்கிக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு ஆறு மாதத்துக்குள் எடுத்த புதுச் சான்றிதழ்தான் கேட்பார்கள், அதை அப்போது ஊரில் யார் போய் வாங்குவது என்று இப்போதே பேசிவையுங்கள். பங்கு அலுவலகத்தின் போன் நம்பரை ஒரு தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள்.