ஒரு டார்ச், ஒரு சல்லடை, ஒரு டம்ளர்: மேசைமேல் பொருள் வைத்து எடுக்கும் போட்டோக்கள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, தட்டில் கொய்யாப்பழம் வைத்து, சல்லடை வழியே போன் டார்ச் அடித்தேன். கட்டம் கட்டமாக நிழல் விழும் என்று பார்த்தால் வெறும் மங்கல்தான் வருகிறது. டார்ச் போதாதா?

பதில்: டார்ச் போதும், சல்லடை இருக்கும் இடம்தான் தப்பு. டார்ச்சை ஒட்டிப் பிடித்திருப்பீர்கள். நிழலின் ஓரம் எவ்வளவு கலங்கும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: விளக்கின் அகலத்தை, சல்லடைக்கும் பழத்துக்கும் உள்ள தூரத்தால் பெருக்கி, விளக்குக்கும் சல்லடைக்கும் உள்ள தூரத்தால் வகுங்கள். டார்ச் சுமார் 3 மி.மீ. அகலம். அதிலிருந்து 10 செ.மீ.யில் சல்லடை, அதற்கு 1 மீட்டர் தள்ளிப் பழம் என்றால் கலங்கல் 30 மி.மீ. 2 மி.மீ. கண்ணியின் நிழல் அந்தத் தூரத்தில் 22 மி.மீ.தான் விரியும், கலங்கல் அதை விழுங்கிவிடும். அப்படியே மாற்றி, டார்ச்சை 1 மீட்டர் தள்ளிவைத்துச் சல்லடையைப் பழத்திலிருந்து 10 செ.மீ.யில் பிடித்தால் கலங்கல் 0.3 மி.மீ.; கத்தி மாதிரி நிழல்.

6 செ.மீ. உருண்டை பல்பை அதே இடத்தில் வைத்தால் கலங்கல் 6 மி.மீ. ஆகிவிடும். அதனால் இந்த வேலைக்குப் பல்பைவிட டார்ச்தான் உசத்தி. அறையின் டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். சில போன்களில் டார்ச்சுக்கு இரண்டு எல்இடி இருக்கும், நிழல் இரட்டையாக விழும். ஒன்றைக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் மறைக்கலாம்.

கேள்வி: எவர்சில்வர் டம்ளரை எடுத்தால் ஜன்னல், ஃபேன், என் மூஞ்சி எல்லாம் அதில் தெரிகிறது சார். பளபளப்பைக் குறைக்க லென்ஸில் பிலிம் மாதிரி ஒட்டும் போலரைசர் வடிகட்டி வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உலோகப் பளபளப்பைப் போலரைசர் வெட்டாது. டம்ளர் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி. அதன்மேல் நேராக வெளிச்சம் அடிப்பதை விட்டுவிட்டு, அது பார்க்கும் பொருள்களுக்கு வெளிச்சம் கொடுங்கள். இரண்டு பக்கமும் 15 செ.மீ. தள்ளி பட்டர் பேப்பரை நிமிர்த்தி வையுங்கள், டம்ளரைவிட உயரமாக. தாளுக்குப் பின்னால் 30 செ.மீ.யில் டார்ச். டார்ச்சைத் தாளின் அருகே கொண்டுபோனால் நடுவில் வெள்ளைத் திட்டு விழுந்து ஓரம் மெல்ல இருளும். உருண்டை வடிவம் தெரிய அந்த ஏற்ற இறக்கம்தான் வேண்டும். முழுக்க வெள்ளையாகிவிட்டால் டம்ளர் தகரத்தகடு மாதிரித் தட்டையாகிவிடும். இரண்டு விளிம்புக்கும் நேராக 2 செ.மீ. கறுப்பு சார்ட் துண்டு நிறுத்தினால் ஓரம் கோடு போட்டதுபோல் தெரியும். முன்பக்கம் ஒரு வெள்ளை சார்ட். அதில் லென்ஸ் அளவுக்கு மட்டும் ஓட்டை. எடுக்கும் முன் துடையுங்கள், விரல் ரேகையை எந்த எடிட்டிங்கும் சுலபத்தில் போக்காது.

கேள்வி: எல்இடி பல்பில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக இருட்டுக் கோடு ஏன்?

பதில்: நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான பல்பு விநாடிக்கு 100 முறை மின்னும். போன் கேமராவின் ப்ரோ மோடில் (எல்லாவற்றையும் நாமே அமைக்கும் முறை) ஷட்டர் நேரத்தை 1/100 அல்லது 1/50 விநாடிக்கு வையுங்கள், கோடு போய்விடும்.

கேள்வி: ஒரே பொருளுக்கு இரண்டு கலரில் நிழல் எப்படி விழவைப்பது அண்ணா?

பதில்: இடப்பக்க டார்ச்சுக்குச் சிவப்பு செலோபேன், வலப்பக்க டார்ச்சுக்கு நீலம், தரையில் வெள்ளை சார்ட். சிவப்பு விளக்கின் நிழல் வலப்பக்கம் விழும். அங்கே நீலம் மட்டும் எட்டுவதால் நிழல் நீலமாகும். மறுபக்கம் சிவப்பு. நீலத்தாள் வெளிச்சத்தை அதிகம் தின்னும். அந்த டார்ச்சை நெருக்குங்கள், பாதித் தூரத்துக்கு வந்தால் வெளிச்சம் நான்கு மடங்கு. ஒயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகத் தெரியக் கலரைச் சரிசெய்யும் அமைப்பு) ஆட்டோவில் விட்டால் போன் கலரைத் 'திருத்தி'க் கெடுக்கும், 5000 கெல்வினில் பூட்டுங்கள்.

கேள்வி: இதற்கெல்லாம் எந்த கேமரா நல்லது?

பதில்: கையில் இருக்கும் போன். காசு இருந்தால் டிரைபாட் வாங்குங்கள்.

கேள்வி: நிழல் பக்கம் கரியாக இருக்கிறது. இன்னொரு விளக்கு வைக்கவா?

பதில்: வைத்தால் இரண்டாவது நிழல் வந்து குழப்பும். எதிர்ப்பக்கம் தெர்மாகோல் பலகையை 20 செ.மீ.யில் நிறுத்தி, விவரம் தெரியும் வரை நெருக்குங்கள்.