ஊராட்சி அலுவலகத்தில் எதை, யாரிடம், எப்படிக் கேட்பது? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கிராம ஊராட்சியின் அன்றாட அலுவல்களைப் பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒரே பதிலாகத் தந்திருக்கிறேன். பதில்கள் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-ஐயும் அதன்கீழ் உள்ள நடைமுறையையும் ஒட்டியவை. பேரூராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் விதிகள் வேறு என்பதால் அங்குள்ளவர்கள் இவற்றை அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் தெருக் கழிவுநீர் வாய்க்கால் பற்றிக் கிராம சபையில் இரண்டு முறை பேசிவிட்டேன். "ஆகட்டும், பார்க்கலாம்" என்கிறார்கள். தீர்மானமாக எழுதினார்களா என்பதே தெரியவில்லை. கூட்டம் தொடங்கும்போதே கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். – விழுப்புரம் மாவட்ட வாசகர்

பதில்: கிராம சபையில் பேசுவது ஒன்று, அது தீர்மானப் பதிவேட்டில் ஏறுவது வேறொன்று. பதிவேட்டில் ஏறாத கோரிக்கையை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் யாரும் தேடிப் பார்க்க மாட்டார்கள். ஆகவே பேசுவதற்கு முன்பே எழுதிக் கொடுங்கள். சபை கூடுவதற்கு ஒரு வாரம் முன்னதாக, தலைவருக்கு (தலைவர் இல்லாத ஊராட்சியில் அவர் பொறுப்பைப் பார்க்கும் அரசு அதிகாரியான தனி அலுவலருக்கு) மனு எழுதி, அதைக் கூட்டப் பொருளில் சேர்க்கும்படி கேட்டு, நகலில் தேதியுடன் ஒப்புதல் கையெழுத்துப் பெற்றுக்கொள்ளுங்கள். ஊராட்சிச் செயலர் கையெழுத்திடத் தயங்கினால் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பலாம்.

தொடக்கத்தில் வாங்கும் கையெழுத்து வருகைக்கானது. நீங்கள் வந்திருந்தீர்கள் என்பதை மட்டுமே அது காட்டும். பின்னர் எழுதப்படும் தீர்மானங்கள் எல்லாவற்றுக்கும் நீங்கள் ஒப்புக்கொண்டதாக அதற்குப் பொருள் கொள்ள முடியாது. ஆனால் அந்தத் தாளுக்கு மேலே எதுவும் எழுதப்படாமல் வெற்றிடமாக இருந்தால், தேதியையும் "வருகைப் பதிவு" என்ற தலைப்பையும் எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுங்கள். கூட்டம் கலைவதற்கு முன் தீர்மானங்களை எண் வாரியாகப் படித்துக் காட்டும்படி கேளுங்கள். நான்கு பேர் சேர்ந்து கேட்டால் மறுப்பவர் குறைவு.

தீர்மானத்தின் சொற்களையும் கவனிக்க வேண்டும். "கழிவுநீர் வாய்க்கால் குறித்து ஆவன செய்யத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதிவிட்டால் உங்கள் வாயையும் அடைத்தாயிற்று, வேலையும் இல்லை என்றாகிவிடும். எந்தத் தெரு, எங்கிருந்து எது வரை, உத்தேசமாக எத்தனை மீட்டர், புதிய வாய்க்காலா பழுதுபார்ப்பா என்பவை அந்த வரியிலேயே இருக்க வேண்டும். அப்படி எழுதப்பட்டால்தான் ஒன்றியப் பொறியாளர் இடத்தைப் பார்த்து மதிப்பீடு தயாரிக்க முடியும். அதற்குப் பிறகும் ஊராட்சி மன்றத் தீர்மானம், தொழில்நுட்ப அனுமதி, நிர்வாக அனுமதி, பணி உத்தரவு என்ற படிகள் இருக்கின்றன. கிராம சபைத் தீர்மானம் இவற்றுக்கெல்லாம் முதல் படி மட்டுமே என்பதையும் மனத்தில் வையுங்கள்.

முன் கூட்டங்களில் என்ன எழுதினார்கள் என்பதை அறியத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய், பதிலுக்கு 30 நாட்கள். மனு தவறான அலுவலகத்துக்குப் போனாலும் ஐந்து நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை.

கேள்வி: கிராம சபைக்கு எத்தனை பேர் வர வேண்டும்? எங்கள் ஊரில் முப்பது பேரை வைத்து முடித்துவிடுகிறார்கள்.

பதில்: குறைவெண் வரம்பு ஊராட்சியின் மக்கள்தொகையைப் பொறுத்தது. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். ஆகவே முப்பது பேரை வைத்துக்கொண்டு எந்த ஊராட்சியிலும் சபை நடத்த இயலாது. கூட்டம் நடக்கும்போதே வருகைப் பதிவேட்டின் எண்ணிக்கையைக் கேட்டு, ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள். சிலர் மறுநாள் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி எண்ணிக்கையை நிரப்புவார்கள். அன்றே எழுதிக் கொடுத்த ஆட்சேபம்தான் அப்போது உங்களுக்குச் சான்றாக நிற்கும்.

சபை கூடும் நாட்கள் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு. மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் 2022-இல் சேர்க்கப்பட்டவை.

கேள்வி: ஊராட்சிக் கணக்கில் இலட்சக்கணக்கில் பணம் இருப்பதாக இணையத்தில் காண்கிறோம். ஆனால் எங்கள் தெருவுக்குச் சிமெண்டுச் சாலை கேட்டால் "நிதி இல்லை" என்கிறார்கள். யார் சொல்வது பொய்? – திருவாரூர் மாவட்டம்

பதில்: பெரும்பாலும் இரண்டுமே உண்மையாக இருக்கும். ஊராட்சிக்கு வரும் பணம் ஒரே உண்டியலில் விழுவதில்லை. மத்திய அரசின் 15-ஆவது நிதிக்குழு மானியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் அந்த மானியம் கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி ஆகியவற்றுக்கு 80, 15, 5 என்ற விகிதத்தில் பிரிக்கப்பட்டது. கிராம ஊராட்சிக்கு வந்த பங்கிலும் 60 விழுக்காடு நிபந்தனையுடன் கூடியது. அதில் ஒரு பாதியைத் துப்புரவுக்கும், மறு பாதியைக் குடிநீர், மழைநீர் சேகரிப்பு போன்றவற்றுக்கும் மட்டுமே செலவிடலாம். மீதமுள்ள 40 விழுக்காட்டில்தான் சாலை போன்ற மற்ற வேலைகளுக்கு இடமுண்டு. அதிலிருந்து சம்பளம் கொடுக்கக் கூடாது. ஆக, கணக்கில் பணம் தெரியும், சாலைக்கு அது உதவாது.

மாநில நிதிக்குழு மானியமும் இருக்கிறது. ஆனால் தெருவிளக்கு, மோட்டார் ஆகியவற்றின் மின்கட்டணமும் பணியாளர் ஊதியமும் போன பிறகு, சிறிய ஊராட்சிகளில் அதில் மிஞ்சுவது சொற்பம். வரி வசூல் நன்றாக உள்ள ஊராட்சிகள் மட்டுமே பொது நிதியிலிருந்து தாமாக ஒரு வேலையை எடுத்துச் செய்ய முடிகிறது. வரி கட்டாமல் இழுத்தடிக்கும் தெருவினரே முதலில் சாலை கேட்டு வருவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னால் கோபம் வருகிறது.

இதனால் "நிதி இல்லை" என்ற பதிலை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. இ-கிராம சுவராஜ் தளத்தில் உங்கள் ஊராட்சியின் ஆண்டுத் திட்டத்தையும், எந்த வேலைக்கு எவ்வளவு செலவானது என்பதையும் யாரும் பார்க்கலாம். அங்கே "வாய்க்கால் பணி" என்று காட்டிய செலவுக்கு ஊரில் வாய்க்கால் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்த கிராம சபையில் வரவு செலவு படிக்கும்போது கேளுங்கள். இன்னொன்று: நீங்கள் குறிப்பிடும் சாலை ஊராட்சிச் சாலையா, ஒன்றியச் சாலையா, நெடுஞ்சாலைத் துறையின் இதர மாவட்டச் சாலையா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கடிதத்தில் பேருந்து போகும் சாலை என்று எழுதியிருப்பதால் அது ஊராட்சியினுடையதாக இருக்க வாய்ப்புக் குறைவு.

கேள்வி: வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். தொழில் வரி கட்டச் சொல்கிறார்கள்.

பதில்: அரையாண்டு வருமானம் 21,000 ரூபாயைத் தாண்டாதவர்களுக்குத் தொழில் வரி இல்லை. தாண்டினாலும், ஓர் ஆண்டுக்கு ஒருவரிடம் 2,500 ரூபாய்க்கு மேல் வாங்க அரசியலமைப்பின் 276-ஆவது பிரிவு இடம் தரவில்லை.

கேள்வி: முப்பது ஆண்டுகளாக என் தந்தை பெயரில் வீட்டு வரி கட்டி வருகிறோம். எல்லா ரசீதும் இருக்கிறது. இதை வைத்துப் பட்டா வாங்க முடியுமா? வரியை என் பெயருக்கு மாற்ற இப்போது யாரிடம் போவது? தலைவரே இல்லையே. – சேலம் மாவட்டம்

பதில்: முதல் கேள்விக்கு நேர் பதில்: வீட்டு வரி ரசீது உரிமை ஆவணம் அன்று. ஒரு கட்டடத்தை அனுபவிப்பவரிடம் ஊராட்சி வரி வாங்குகிறது. நிலம் யாருடையது என்று அது தீர்ப்புச் சொல்வதில்லை. புறம்போக்கில் கட்டிய வீட்டுக்குக்கூட வரி விதிக்கப்பட்டிருப்பதைப் பல ஊர்களில் காணலாம். பட்டா வருவாய்த் துறையின் வேலை. கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர் வழியாகவே அது நடக்கும். இந்த இரண்டு அலுவலகங்களையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு அலைந்து காலத்தை வீணாக்குபவர்கள் ஏராளம். நீண்ட கால அனுபவத்தைக் காட்டும் துணைச் சான்றாக ரசீதுகள் பயன்படலாம் என்பதால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அவற்றிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

பெயர் மாற்றத்துக்குப் பத்திர நகல் அல்லது வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், நிலுவையில்லாமல் வரி கட்டிய ரசீது ஆகியவற்றுடன் ஊராட்சியில் விண்ணப்பிக்க வேண்டும். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த ஊராட்சிகளில் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியுடன் முடிந்தது. உங்கள் மாவட்டம் உள்ளிட்ட 28 மாவட்டங்களில் அதன்பின் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். கிராம ஊராட்சிகளுக்கு அந்தப் பொறுப்பில் இருப்பவர் ஒன்றிய அலுவலகத்தில் உள்ள வட்டார வளர்ச்சி அலுவலர். ஒன்றியத்தில் அந்தப் பதவியில் இருவர் இருப்பார்கள். பெயர்ப் பலகையில் அடைப்புக்குறிக்குள் "கிராம ஊராட்சி" என்று எழுதியிருப்பவரிடம் போங்கள். விண்ணப்பத்தை ஊராட்சிச் செயலரிடம் கொடுத்தாலும் கையெழுத்து அங்கிருந்துதான் வர வேண்டும்.

வரித் தொகையில் ரூபாய்க்குப் பத்துக் காசு கூடுதலாக இருக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். அது நூலக வரி, முறையானதே. 2023 முதல் ஊராட்சி வரிகளை இணையவழியில் கட்டும் முறை வந்துவிட்டதால், துண்டுச் சீட்டில் எழுதித் தரும் ரசீதை வாங்காதீர்கள்.

கேள்வி: மேல்நிலைத் தொட்டியில் வரும் தண்ணீரில் சில நாட்கள் மருந்து வாடை அடிக்கிறது, பல நாட்கள் வாடையே இல்லை. எது சரி?

பதில்: இலேசான குளோரின் வாடை நல்லதுதான். கவலைப்பட வேண்டியது வாடை இல்லாத நாட்களைப் பற்றி. தொட்டியிலிருந்து மிகத் தொலைவில் உள்ள கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் அளவு குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். இதைப் பார்க்க ஊராட்சியிடம் குளோராஸ்கோப் என்ற சிறு பெட்டி இருக்கும். கண்ணாடிக் குழலில் தண்ணீரைப் பிடித்து, மருந்தைச் சில சொட்டுகள் விட்டால் மஞ்சள் நிறம் வரும். அதைப் பெட்டியில் உள்ள நிறத்தட்டுடன் ஒப்பிட்டு அளவைச் சொல்லிவிடலாம். நிறமே மாறவில்லையென்றால் பிளீச்சிங் பவுடர் போடவில்லை, அல்லது கட்டி தட்டி வீரியம் இழந்த பவுடரைப் போட்டிருக்கிறார்கள். சோதனையைத் தொட்டிக்கு அடியில் செய்து காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கடைசி வீட்டுக் குழாயில் செய்யச் சொல்லுங்கள்.

தொட்டியை மாதம் இருமுறை கழுவ வேண்டும். கழுவிய நாளையும் அடுத்துக் கழுவ வேண்டிய நாளையும் தொட்டியின் தூணில் எழுதிவைப்பது வழக்கம். பல ஊர்களில் அந்தத் தேதி பெயிண்டில் எழுதியபடி ஆண்டுக்கணக்கில் மாறாமல் நிற்கிறது. கழுவும் நாளில் இரண்டு பேராவது போய் நின்று பாருங்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட கொடுமைக்குப் பின், மூடியும் ஏணியும் பூட்டப்பட்டுள்ளனவா, சாவி யாரிடம் இருக்கிறது என்பவையும் கேட்டே தீர வேண்டிய கேள்விகள் ஆகிவிட்டன.

கேள்வி: எங்கள் ஊராட்சித் தலைவர் ஒரு பெண். கூட்டத்தில் அவருடைய கணவர்தான் பேசுகிறார், அதிகாரிகளும் அவரிடமே கேட்கிறார்கள். இது சட்டப்படி சரியா? – தென்காசி மாவட்டம்

பதில்: சரியில்லை. மன்ற உறுப்பினர் அல்லாத ஒருவர் மன்றக் கூட்டத்தில் தலைவர் சார்பில் பேசவோ முடிவெடுக்கவோ இடமில்லை. கிராம சபையில் அவர் ஒரு வாக்காளர் என்ற அளவில் மட்டுமே பேசலாம். 2016-இல் பெண்களுக்கு 50 விழுக்காடு இட ஒதுக்கீடு வந்தது கணவருக்கு ஒரு நாற்காலி கொடுப்பதற்காக அன்று. காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திடுகிறார்கள். கணக்கில் முறைகேடு வந்தால், ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியர் ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆவது பிரிவின்கீழ் நடவடிக்கை எடுப்பது கையெழுத்திட்ட தலைவர் மீதுதான். கணவர் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. இதை அந்த அம்மாவிடமே தனியாக எடுத்துச் சொல்லக்கூடிய பெண் உறுப்பினர் யாராவது இருந்தால் அதுவே நல்ல தொடக்கம். அதிகாரிகள் கணவரிடம் பேசுவதைக் குறித்து ஆட்சியருக்கு எழுதுங்கள். அவர்கள்மீது எனக்குக் கூடுதல் வருத்தம் உண்டு.

கேள்வி: ஊராட்சிப் புளியமரங்களின் மகசூல் ஏலம் ஒவ்வோர் ஆண்டும் ஒரே குடும்பத்துக்குப் போகிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஒரே குடும்பம் எடுப்பது தவறாகாது, போட்டியே இல்லாமல் எடுப்பதுதான் சந்தேகத்துக்கு உரியது. ஏல அறிவிப்பு எப்போது, எங்கே ஒட்டப்பட்டது, தண்டோரா போடப்பட்டதா, டேவணித் தொகை (ஏலத்தில் கலந்துகொள்ளக் கட்டும் முன்பணம்) கட்டியவர்கள் எத்தனை பேர், ஏலம் எந்தத் தொகையில் தொடங்கி எதில் முடிந்தது என்பவற்றைக் கேட்டு நகல் வாங்குங்கள். கடந்த சில ஆண்டுகளின் தொகையையும் சேர்த்துக் கேளுங்கள். காய்ப்பு நன்றாக இருந்த ஆண்டிலும் தொகை நகராமல் நின்றிருந்தால், ஏலம் கேட்டவர்கள் தமக்குள் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டார்கள் என்று கருத இடமுண்டு. அப்படியிருந்தால் ஏலத்தை உறுதி செய்யும் தீர்மானம் வருமுன் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். உறுதியான பிறகு மனுக்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். உங்கள் ஊரில் யாராவது ஒருவர் டேவணி கட்டி எதிர்க்கேள்வி கேட்டாலே தொகை உயரும் என்பது என் எண்ணம்.

ஏரி, குளங்களில் மீன்பிடிக்கும் உரிமைக்கான மீன்பாசிக் குத்தகை பெரும்பாலும் ஜூலை தொடங்கும் பசலி ஆண்டுக் கணக்கில் விடப்படுவதால் அதன் காலம் வேறு. ஏரியின் ஆயக்கட்டு (அதிலிருந்து பாசனம் பெறும் நிலம்) 100 ஏக்கருக்கு மேல் என்றால் ஏரி நீர்வளத் துறையினுடையது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் பெயர் இல்லை. ஊராட்சியில் சேர்ப்பார்களா?

பதில்: கிராம ஊராட்சிப் பகுதியில் பிறப்பு, இறப்புப் பதிவாளர் கிராம நிர்வாக அலுவலர், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிறந்திருந்தால் அங்குள்ள சுகாதார ஆய்வாளர். பிறப்பைப் பதிந்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். பள்ளியில் சேர்க்கும்போது எழுதப்போகும் அதே எழுத்துகளில், தலைப்பெழுத்தையும் முடிவுசெய்துகொண்டு போங்கள். பதிந்த பெயரை மாற்றுவது எளிதன்று.