மியூனிக்கா, எஸ்லிங்கனா? அம்பத்தூர்த் தம்பிக்கு ஒரு பதில்

அன்புள்ள தம்பி,

உங்கள் கேள்வியை நிதானமாகப் படித்தேன். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு தனியார் கல்லூரியில் மெக்கானிக்கல் முடித்து, ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் நிறுவனம் ஒன்றின் சோதனைப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, இப்போது முதுநிலைப் படிப்புக்காக ஜெர்மனியில் இரண்டு இடங்களில் அனுமதி வாங்கியிருக்கிறீர்கள். ஒன்று மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். மற்றொன்று ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும், செய்முறைக்கு முதலிடம் தரும் பயன்பாட்டு அறிவியல் கல்லூரியான எஸ்லிங்கன் ஹோக்‌ஷூலே. எஸ்லிங்கன் பாடத்திட்டத்தைப் பார்த்ததும் மனம் அங்கே போய்விட்டது என்கிறீர்கள். ஆனால் “மியூனிக் கிடைத்தும் விட்டுவிட்டானாம்” என்று உறவினர்கள் பேசுவார்களே என்று அப்பா வருந்துகிறார், உங்களுக்கும் உறக்கம் வரவில்லை. வெளிநாட்டில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பெரம்பூரில் பிறந்தவள். ஜெர்மனிக்குப் போய் ஒரு பெரிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்து, இப்போது ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு வாகன உதிரிபாக நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் பிரிவுக்கு முதுநிலை ஆய்வேடு எழுத வரும் மாணவர்களை நேர்காணல் செய்பவர்களில் நானும் ஒருத்தி. விடுப்பில் பெரம்பூர் வீட்டுக்கு வந்திருக்கும் இந்த நாட்களில், கல்யாண வீட்டிலும் கோயில் வாசலிலும் பெற்றோர் பலர் ஏறக்குறைய உங்கள் கேள்வியைத்தான் என்னிடம் கேட்கிறார்கள். ஆகவே உங்களுக்கு எழுதுவது அவர்களுக்கும் ஆகட்டும்.

நீங்கள் உங்களைப் பற்றிச் சொல்லியிருப்பதை வைத்துப் பார்த்தால் எஸ்லிங்கனுக்குப் போங்கள் என்பதே என் கருத்து. அப்படிச் சொல்வதற்கான காரணங்களையும், மியூனிக்தான் சரி என்று நான் சொல்லியிருக்கக்கூடிய சூழலையும் விளக்கமாக எழுதுகிறேன்.

முதலில் அப்பாவின் வருத்தத்தைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் அதில் நியாயம் இருக்கிறது. சென்னையில் கல்லூரிப் பெயர் என்பது வெறும் பெருமைக்குரிய விஷயமாக ஒருநாளும் இருந்ததில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளையின் கட்-ஆஃப் இருநூறுக்கு எத்தனை என்று பார்த்து, கவுன்சலிங்கில் கிண்டியா, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யா, அதற்கடுத்த கல்லூரியா என்று இடம் பிடிக்கிறோம். நல்ல நிறுவனங்கள் எந்தக் கல்லூரி வளாகத்துக்கு ஆளெடுக்க வருகின்றன, எந்த வளாகத்துக்கு வருவதே இல்லை என்பது அந்த இடத்தோடு சேர்ந்தே முடிவாகிவிடுகிறது. கேம்பஸ் பிளேஸ்மென்ட் என்ற ஏற்பாடு இருக்கும்வரை கல்லூரிப் பெயர்தான் வேலைக்கான வாசல். உங்கள் அப்பா தன் பணிக்காலம் முழுவதும் பார்த்த உலகம் அது.

ஜெர்மனியில் அந்த ஏற்பாடு கிடையாது. கல்லூரியில் வேலைவாய்ப்புக் கண்காட்சி நடக்கும், நிறுவனங்கள் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும். ஆனால் ஒரு வளாகத்து மாணவர்களை மொத்தமாக வரிசையில் நிறுத்தித் தேர்ந்தெடுத்துப் போகும் வழக்கம் இல்லை. ஒவ்வொருவரும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். வாசல் எங்கே இருக்கிறது என்றால், படிக்கும்போதே வாரத்துக்கு இருபது மணி நேரம்வரை ஒரு நிறுவனத்தில் பார்க்கும் வெர்க்‌ஷ்டுடென்ட் வேலையிலும், நிறுவனத்துக்குள்ளேயே உட்கார்ந்து எழுதும் ஆய்வேட்டிலும் இருக்கிறது. எங்கள் பிரிவில் நிரந்தர வேலைக்கு வந்த இளைஞர்களில் பெரும்பாலோர் இந்த வழியாகத்தான் உள்ளே வந்தார்கள்.

ஒரு நேர்காணலைச் சொல்கிறேன். பிரேக் தேய்மானம் பற்றிய ஓர் ஆய்வேட்டுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தோம். என் சக ஊழியர் ஒரு தேய்ந்த பிரேக் பேடை மேசைமேல் வைத்து, “இதைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது?” என்று கேட்டார். பெரிய பெயருள்ள பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மாணவர் தேய்மானத்துக்கான சமன்பாட்டைப் பலகையில் பிழையில்லாமல் எழுதி விளக்கினார். பேடைக் கையில் எடுக்கவில்லை. அடுத்து வந்த பெண் ஒரு ஹோக்‌ஷூலே மாணவி. அவர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்து, ஓர் ஓரம் மட்டும் சரிவாகத் தேய்ந்திருப்பதை விரலால் தடவிக் காட்டி, பேடை அழுத்தும் காலிப்பரின் ஸ்லைடு பின் இறுகியிருக்கலாம் என்றார். இடம் அவருக்குப் போனது. சில மாதங்கள் கழித்து, கணினியில் தேய்மான மாதிரி உருவாக்கும் வேறொரு ஆய்வேடு வந்தபோது அந்த முதல் மாணவரையே நாங்கள் கூப்பிட்டோம். அவரும் மிகச் சிறப்பாகச் செய்தார். இருவரிடமும் திறமை இருந்தது. எந்த வேலைக்கு யார் என்பதுதான் வேறுபட்டது. நீங்களோ சோதனை ரிக்கில் சென்சார் பொருத்தும் நாட்கள்தான் பிடிக்கும் என்றும், கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடத்தில் அரியர் வைத்து எழுதினேன் என்றும் நீங்களாகவே எழுதியிருக்கிறீர்கள்.

அரியர் என்றதும் இரண்டாவது காரணத்துக்கு வருகிறேன். இதைத்தான் நீங்கள் மிகக் கவனமாக எண்ணிப் பார்க்க வேண்டும். நம் ஊரில் நுழைவதற்குத்தான் போட்டி. நுழைந்தபின் ஒரு பாடம் போனால் அடுத்த பருவத்தில் சேர்த்து எழுதிக்கொள்ளலாம் என்ற தைரியம் இருக்கும். ஜெர்மனியில் சல்லடை உள்ளே இருக்கிறது. பல பாடங்களில் இன்டர்னல் மதிப்பெண் என்ற தாங்கல் இல்லை. பருவக் கடைசியில் எழுதும் ஒரே தேர்வில் முழு மதிப்பெண்ணும் அடங்கிவிடும். 1.0 மிகச் சிறப்பு, 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி. பல கல்வி நிலையங்களில் ஒரே தேர்வைப் பொதுவாக மூன்று முறைதான் எழுத முடியும். வேறு சில இடங்களில் இத்தனையாவது பருவத்துக்குள் இத்தனை கிரெடிட் சேர்த்திருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. அதைத் தாண்டித் தவறினால் ‘இறுதித் தோல்வி’ என்று பதிவாகிவிடும். அதன்பின் அதே படிப்பை ஜெர்மனியின் வேறொரு பல்கலைக்கழகத்திலும் பொதுவாகத் தொடர முடியாது. நீங்கள் தங்கியிருக்கும் அனுமதியோ படிப்பை நம்பியிருக்கிறது. இந்த நிலைக்குப் போய்விட்ட ஒரு சென்னைப் பையனோடு நான் பல மாலைகள் உட்கார்ந்து பாடம் பார்த்திருக்கிறேன். அறிவில் குறைந்தவர் அல்லர். பெரிய அரங்கில் நூற்றுக்கணக்கானவர்களோடு உட்கார்ந்து, ஜெர்மன் மாணவர்கள் இளநிலையிலேயே ஊறிப்போன கணிதத்தை ஆங்கிலத்தில் வேகமாகக் கேட்டுப் புரிந்துகொள்ளும் பயிற்சி அவருக்கு இல்லை. சந்தேகம் கேட்க யாரிடம் போவது என்று தெரியாமலே முதல் பருவம் போய்விட்டது. வீட்டில் சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தெரு முழுக்கச் சொல்லித்தான் அவரை விமானம் ஏற்றியிருந்தார்கள். அந்த முகத்தை நினைத்துக்கொண்டுதான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஹோக்‌ஷூலேயில் தேர்வு எளிது என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே வகுப்பு சிறியது, ஆய்வகப் பாடம் அதிகம், ஆசிரியருக்கு உங்கள் பெயர் தெரிந்திருக்கும். அங்கே பேராசிரியராக வேண்டுமென்றால் குறைந்தது ஐந்து ஆண்டு தொழில் அனுபவம் வேண்டும், அதில் மூன்று ஆண்டாவது கல்வி நிலையத்துக்கு வெளியே பெற்றிருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. ஆகவே கியர்பாக்ஸ் பற்றிப் பாடம் நடத்துபவர் பெரும்பாலும் கியர்பாக்ஸ் வடிவமைத்தவராகவே இருப்பார். எந்த நிறுவனத்தில் யாரிடம் ஆய்வேடு கேட்கலாம் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். சோதனைப் பிரிவிலிருந்து வரும் உங்களைப் போன்றவருக்கு இதைவிட நல்ல துணை எது?

தரவரிசையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கியூ.எஸ். என்ற உலகப் பல்கலைக்கழகத் தரவரிசைப் பட்டியலில் மியூனிக் அண்மை ஆண்டுகளில் முதல் முப்பதுக்குள் வந்திருக்கிறது. அந்த இடத்துக்கு அது முழுத் தகுதியுடையது. அந்தப் பட்டியலில் கல்வியாளர்களிடையே உள்ள மதிப்புக்கு மட்டும் 30 விழுக்காடும், ஆய்வுக் கட்டுரைகள் மேற்கோள் காட்டப்படுவதற்கு 20 விழுக்காடும் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆய்வுக் கட்டுரை எழுதுவதை முதன்மைப் பணியாகக் கொள்ளாத ஹோக்‌ஷூலேகள் அதில் தலைகாட்டாததில் வியப்பில்லை. உங்கள் வகுப்பறையில் எத்தனை பேர், ஆய்வகத்தில் கருவி உங்கள் கைக்கு வருமா என்பதை அந்த எண் சொல்லாது.

இனிப் பணம். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்காலப் பருவத்திலிருந்து, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து புதிதாக வரும் முதுநிலை மாணவர்களிடம் பாடப்பிரிவைப் பொறுத்துப் பருவத்துக்கு 4,000 அல்லது 6,000 யூரோ வாங்குகிறது. எஸ்லிங்கன் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ. 6,000 என்றே வைத்துக்கொண்டால் நான்கு பருவத்துக்கு வித்தியாசம் 18,000 யூரோ. ஒரு யூரோவுக்கு நூறு ரூபாய் என்று கணக்கிட்டால் பதினெட்டு லட்சம். கல்விக்கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுத்துறை வங்கிகள் வழக்கமாக ஈடு கேட்கும். ஓய்வுபெறப் போகும் அப்பா அம்பத்தூர் வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுபோய் வைக்க வேண்டியிருக்கும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விசாவுக்காகப் பிளாக்டு அக்கவுண்டில் போடும் 11,904 யூரோவிலிருந்து மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். மியூனிக்கின் அறை வாடகை ஜெர்மனியிலேயே மிக அதிகம். மாணவர் விடுதிக்குப் பருவக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பருவம் தொடங்கும் நேரத்தில் அக்டோபர்ஃபெஸ்ட் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். ஸ்டுட்கார்ட் பகுதியும் மலிவானது என்று சொல்ல மாட்டேன், இருந்தாலும் கட்டணத்தில் மிஞ்சும் தொகை மூச்சுவிட இடம் கொடுக்கும். மியூனிக்கில் கட்டண விலக்குக்கும் உதவித்தொகைக்கும் வழி உண்டு. முடிவெடுக்கும் முன் அதற்கு விண்ணப்பித்துப் பாருங்கள்.

மியூனிக்கைத் தேர்ந்தெடுங்கள் என்று நான் சொல்லக்கூடிய சூழலும் இருக்கிறது. முனைவர் பட்டம் வரை போக வேண்டும், கணக்கீட்டு இயக்கவியலில் மூழ்க வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இருந்திருந்தால் தயங்காமல் அங்கே போகச் சொல்லியிருப்பேன். ஹோக்‌ஷூலேயில் பெறும் முதுநிலைப் பட்டமும் முனைவர் படிப்புக்குத் தகுதியானதே, ஆனால் வழிகாட்டும் பேராசிரியரைத் தேடிப் பிடிக்கக் கூடுதலாக அலைய வேண்டியிருக்கும். நான் பெரிய பல்கலைக்கழகத்தில் தாக்குப்பிடித்ததற்குக் காரணம், எனக்குக் கோட்பாட்டுப் பாடம் இயல்பாகவே பிடித்ததும், ஓர் ஆய்வுப் பிரிவில் ஹிவி எனப்படும் மாணவ உதவியாளர் வேலை கிடைத்து ஆசிரியர்களின் அருகிலேயே இருக்க முடிந்ததும்தான். நெதர்லாந்து, உலகத் தரவரிசையில் முதல் 200க்குள் இருக்கும் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற்றவர்களுக்கு வேலை தேட ஓராண்டு அனுமதி தருகிறது. அப்படி வேறு நாட்டுக்கு நகரும் எண்ணம் இருந்தாலும் பெயர் உதவும். சென்னைக்குத் திரும்பி வந்து கற்பிக்கும் எண்ணம் இருந்தாலும் உதவும். மேற்கு ஜெர்மனியின் துணையோடு 1959இல் தொடங்கிய ஐ.ஐ.டி. இருக்கும் இந்த ஊரில் மியூனிக்கை அறியாத பேராசிரியர் குறைவு. இவற்றில் எதுவும் உங்கள் கேள்வியில் இல்லை. சோதனைப் பொறியாளராக வேண்டும், சில ஆண்டுகளில் கடனை அடைத்து அப்பாவை நிம்மதியாக உட்கார வைக்க வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.

உறவினர்கள் பேசுவார்கள்; ஒரு தீபாவளி வரைக்கும் பேசுவார்கள். அப்பாவிடம் எஸ்லிங்கன் நல்ல கல்லூரி என்று மட்டும் சொல்லாமல், வேலை கிடைக்கும் வழி அங்கே எப்படி வேறுபடுகிறது என்பதை ஒரு மாலை உட்கார்ந்து விளக்குங்கள். கட்டணக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். பிள்ளை பெயருள்ள இடத்தை விடுகிறானே என்பதைவிட, ஏன் விடுகிறான் என்று தெரியாமல் இருப்பதுதான் பெற்றோரை அதிகம் வாட்டும்.

பணம் கட்டும் முன் இரண்டு இடங்களின் பாடக் கையேட்டையும் தேர்வு விதிகளையும் இறக்கிப் படியுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் எழுத்துத் தேர்வா, புராஜெக்டா, ஆய்வக அறிக்கையா என்று குறித்துக்கொண்டு, பயமில்லாமல் எழுதக்கூடியவை எத்தனை என்று பாருங்கள். மூன்றாம் பருவத்தில் இருக்கும் தமிழ் மாணவர்கள் இரண்டு ஊரிலும் கிடைப்பார்கள். கல்லூரி எப்படி என்று பொதுவாகக் கேட்காமல், போன தேர்வில் எத்தனை பேர் தேறினார்கள், ஆய்வேட்டுக்கு இடம் எப்படிக் கிடைத்தது, வெர்க்‌ஷ்டுடென்ட் வேலைக்கு ஜெர்மன் கேட்டார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு என் பதிலையும் சொல்லிவிடுகிறேன்: வாகனத் துறையில் ஆட்குறைப்பு நடக்கும் இந்த நேரத்தில் கேட்பார்கள். ஒரகடத்து ஷிப்ட் முடிந்து வரும் களைப்பு எனக்குத் தெரியும்; ஆனாலும் நுங்கம்பாக்கத்தில் இருக்கும் கோதே நிறுவனத்தில் வார இறுதி வகுப்புக்கு இடம் இருக்கிறதா என்று இந்த வாரமே விசாரித்து, புறப்படும் முன் பி1 எனப்படும் இடைநிலை ஜெர்மன் தேர்ச்சிக்கு எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கிவிடுங்கள். தேர்வு விதிகளில் புரியாத பத்தி இருந்தால் அனுப்புங்கள், ஜெர்மன் மூலத்தைப் படித்துப் பொருள் சொல்கிறேன்.

அன்புடன்,
பெரம்பூர் அக்கா